தவறவிட்டவர் வரிசையில் மதிசுதன்

வுப்பர்டால்
3 நவம்பர் 2024

மதிப்புக்குரிய யாமினி அவர்களுக்கு,

உங்கள் நிறுவனம் அனுப்பிய கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. ஜேர்மன் மொழியில்தான் இருந்தது. கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெயரைக் கண்டேன். தமிழ்ப் பிள்ளையாக இருக்கும் என்று நம்பித் தமிழில் எழுதுகிறேன். இல்லையென்றால் இதை வேறு யாரிடமும் கொடுத்து வாசிப்பிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கோ.

நான் ரஞ்சினி. மதிசுதனின் தாய். நீங்கள் கேட்டு எழுதிய உதைபந்தாட்டக் கழகத்தின் இளையோர் பிரிவில் மதி பதினொரு வயதில் சேர்ந்தான். பதினேழு வயதில் வெளியே அனுப்பினார்கள். கழகம் இத்தனை வருடங்களாகப் பிள்ளைகளைத் தெரிவு செய்த விதம் சரியா பிழையா என்று நீங்கள் ஆராய்கிறீர்கள், அனுப்பப்பட்ட பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று அறிய விரும்புகிறீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். நீங்கள் கேட்டவற்றுக்கு என் கணவர் ஜேசுரட்ணம் அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டார். கழகத்தின் முடிவு சரியானது என்று நினைக்கிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டார்.

அதனால்தான் நான் தனியாக எழுதுகிறேன்.

மதிக்கு வருகிற மாதம் இருபத்திரண்டு முடிகிறது. கொரோனா நேரம் என்பதால் அவனை அனுப்பும் செய்தியைக் கணினித் திரையில்தான் சொன்னார்கள். பயிற்றுநர் நல்ல மாதிரிக் கதைத்தார். தகப்பன் அன்றைக்கே வேறு கழகம் தேடத் தொடங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ இடம். ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே. இப்போது ஐந்தாம் பிரிவில், அதுவும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில். இடையில் வலது முழங்கால் நார் அறுந்து இரண்டு தரம் ஒப்பரேசன். அவர் விடுவதாக இல்லை. கழகம் பிழை விட்டது, அதை உலகம் பார்க்கத்தான் போகிறது என்பார். மதி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஆராய்ச்சியில் கழகம் செய்தது சரி என்று வந்தால் அதை எனக்கு எழுதித் தாருங்கோ. அவ்வளவு திறமை அவனிடம் இருக்கவில்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால் அவர் கேட்பார். என் சொல்லைக் கேட்க மாட்டார். தன் பிள்ளை கெட்டிக்காரன் இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கும் தாயை நீங்கள் இதற்கு முன் கண்டிருக்க மாட்டீர்கள்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

ரஞ்சினி ஜேசுரட்ணம்


மியூனிக்
12 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய ரஞ்சினி அம்மாவுக்கு,

வணக்கம். நான் தமிழ்தான். சொந்த ஊர் கரூர். ஆஹென் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்துவிட்டு இங்கே டேட்டா அனலிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். தமிழில் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆய்வு கிளப்பின் புதிய நிர்வாகம் கேட்டது. ஒரு பையனைச் சேர்த்த நாளிலோ அனுப்பிய நாளிலோ கிளப்புக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று பார்க்கிறோம். ஆட்ட வீடியோ, ஓடிய தூரம், அழுத்தத்தில் எப்படிப் பந்தைக் கொடுத்தான், கோச் எழுதிய குறிப்பு. அவற்றை மட்டும் வைத்து அந்த முடிவு நல்ல முடிவா என்று கணக்கிடுகிறோம். பின்னால் அவர் பெரிய வீரராக ஆனாரா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் நாங்கள் அதிர்ஷ்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். வெளியே போன பையன்களைப் பற்றிக் கேட்டு எழுதியது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

ஒவ்வொரு வீரரும் எங்களுக்கு ஒரு எண். ஒருவரைப் பற்றி வந்த முடிவை வேறு யாருக்கும், பெற்றோருக்கும்கூட, சொல்லச் சட்டம் அனுமதிக்காது. உங்கள் மகன் வயது வந்தவர். தன்னைப் பற்றி என்ன மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டுக் கிளப்புக்கு எழுதினால் ஒரு மாதத்துக்குள் பதில் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் நிலைமை வருத்தமாக இருக்கிறது.

மரியாதையுடன்,
யாமினி


வுப்பர்டால்
24 நவம்பர் 2024

அன்புள்ள யாமினி,

வங்கியிலிருந்து வரும் கடிதம் போல எழுதியிருந்தீர்கள். கடைசி வரியும் அப்படித்தான். கோபிக்க வேண்டாம். என்னை அம்மா என்று எழுதாமல் அக்கா என்று எழுதுங்கோ. இல்லத்தில் இருக்கும் பாட்டிமார் எல்லாரும் என்னை அம்மா மாதிரித்தான் கூப்பிடுகிறார்கள், போதும்.

அவன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள். அவனிடம் எப்படிக் கேட்பது என்று நீங்களே சொல்லுங்கோ.

போன ஞாயிறு நானும் ஆட்டம் பார்க்கப் போனேன். நெடுநாள் போகவில்லை. மழை தூறியது. மதி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கில் இருந்தான். ஆட்டம் முடியும் தறுவாயில்தான் இறக்கினார்கள். ஒரு பந்து வந்தது. அதை நிறுத்தித் திரும்பி, அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தவனின் காலடிக்குக் கொடுத்தான். எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது. ஆனாலும் அந்த ஒன்றைப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரர் "ஓ" என்றார். பிறகு இரண்டு தரம் ஓடினான். மூன்றாம் தரம் ஓடவில்லை, நடந்தான்.

காரில் வரும்போது இவர் சொன்னார்: "கண்டனீயே, அந்த ஒரு பாஸ் காணும். லக்சம்பேர்க்காரர் அதைத்தான் பார்ப்பினம்."

மதி கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓம் அப்பா" என்றான்.

"முழங்கால் எப்பிடி?" என்று நான் கேட்டேன்.

"பரவாயில்லை."

ஜனவரியில் லக்சம்பேர்க்கில் ஒரு கழகம் ஆட்களை எடுத்துப் பார்க்கிறது. இவர் தன்னுடன் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் உறவினர் மூலம் பேசி ஒழுங்கு செய்துவிட்டார். வைத்தியர் என்னிடம் என்ன சொன்னார் என்றால், இன்னும் ஒருமுறை அந்த நார் போனால் பிறகு மடக்கி நீட்டும் காலாக இருக்காது. இவரும் பக்கத்தில் இருந்துதான் கேட்டார். வெளியே வந்து, "டொக்டர்மார் எல்லாரும் உப்பிடித்தான்" என்றார்.

என் கணவரைக் கெட்ட மனிதராக நினைக்க வேண்டாம். இரவு வேலை முடித்து வந்து தூங்காமல் பிள்ளையைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போனவர். எத்தனை வருடம். அப்படிச் செய்த ஒரு மனிதரிடம் போதும் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. எனக்கு இப்போது அழுகையும் வருவதில்லை. ஆட்டத்துக்குப் போகிறார்கள், வருகிறார்கள், உடுப்பைத் தோய்த்துப் போடுகிறேன்.

உங்களிடம் அந்த முடிவு ஏற்கெனவே இருக்கும். ஒரு சொல்தானே. உங்கள் வீட்டில் இப்படி யாரும் இல்லையா?

ரஞ்சினி


மியூனிக்
5 டிசம்பர் 2024

அன்புள்ள ரஞ்சினி அக்கா,

இருக்கிறான். என் தம்பி அஷ்வின். இந்த முறை மூன்றாவது தடவையாக நீட் எழுதப் போகிறான். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிக் கோச்சிங். முதல் தடவை எடுத்ததைவிட இரண்டாவது தடவை குறைவு. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து, "நீதான் இந்தக் கணக்கெல்லாம் போடுறியே, இவனுக்கு எவ்ளோ சான்ஸ் இருக்குன்னு சொல்லு" என்று கேட்பார். நான், "நல்லாப் படிச்சா கிடைக்கும்பா" என்பேன். எனக்கு உண்மையான எண் தெரியும். சொன்னதில்லை. அஷ்வினிடம் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் இல்லை. வேலை நேரத்தில் முன்பின் தெரியாத பையன்களைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து சாதம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். நீங்கள் அழுகை வருவதில்லை என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு மதிசுதனின் பதிவைத் திறந்து பார்த்தேன். அதுவரை அவரைத் தனியாகப் பார்த்ததில்லை. பதினைந்து வயதில் ஆடிய ஆட்டம் ஒன்றின் வீடியோ இருந்தது. எல்லோரையும்விட உயரம் குறைவு. சட்டையின் கை முழங்கைக்குக் கீழே தொங்குகிறது. கடைசி வரை பார்த்தேன்.

முடிவு என்ன என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இதற்கு மேல் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய விடை வரும் என்று நம்பி அவரைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

யாமினி


வுப்பர்டால்
12 டிசம்பர் 2024

யாமினி,

விளங்கியது. அப்படியென்றால் அவர்கள் பிழை விட்டிருக்கிறார்கள். இவர் சொன்னதுதான் சரி.

வேலையிடத்தில் உடுப்பு மாற்றும் அறையில் இருந்து வாசித்தேன். சந்தோசப்பட வேண்டும் போல இருந்தது, ஆனால் ஒன்றும் வரவில்லை. பிறகு போய் ஒரு கிழவிக்குச் சூப் பருக்கினேன்.

இது இவருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? லக்சம்பேர்க் இல்லையென்றால் பெல்ஜியம். அது இல்லையென்றால் இன்னொன்று. மதியின் கால் முறியும் வரைக்கும் அவரிடம் சாட்சி இருக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன். அதை மாற்றி எழுதுங்கோ. மதி என்றைக்காவது கேட்டாலும் கழகம் செய்தது சரி என்றே பதில் போகட்டும். உங்களுக்கு அது ஒரு சொல். எங்களுக்கு அது அவனுடைய கால். நான் இதைப் பாவம் என்று நினைக்கவில்லை. மாதா கோயிலில் போய்ச் சொல்லவும் மாட்டேன்.

ரஞ்சினி


மியூனிக்
19 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாலைந்து நாளாக உங்கள் கடிதம் கைப்பையில் இருக்கிறது. நீங்கள் கேட்டது கடினமான வேலை இல்லை. திரையில் ஒரு இடத்தைத் தொட்டால் 'தவறு' என்ற சிவப்பு 'சரி' என்ற பச்சையாகிவிடும். நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர் மாறினால் மொத்த முடிவு அசையாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாற்றவில்லை. நான் பெரிய நேர்மைக்காரி என்பதால் அல்ல. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டேன். அந்தப் பையனிடம் 'உனக்குத் திறமை இல்லை' என்று எழுத என்னால் முடியவில்லை. அவரைப் பற்றி ஒரு பொய்யை அவருடைய அம்மாவும் நானும் சேர்ந்து செய்துவைத்தால், அதை அவர் ஆயுள் முழுக்க உண்மை என்று நம்புவார்.

விதியை மீறியாகிவிட்டது, இனி முழுதாகவே சொல்கிறேன். உங்கள் மகன் டிசம்பரில் பிறந்தவர். ஒரே வருடத்தில் பிறந்தவர்களை ஒரே அணியில் போடுகிறார்கள். ஜனவரியில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். பதினொரு, பன்னிரண்டு வயதில் அது பெரிய வித்தியாசம். பெரிய உடம்புக்காரன் நல்ல ஆட்டக்காரனாகத் தெரிவான். இந்தக் கிளப் பல வருடங்களாகப் பெரிய உடம்புகளைத்தான் எடுத்து வைத்துக்கொண்டது. மதிசுதன் உள்ளே வந்ததே ஆச்சரியம். பதினேழில் அவர் வளர்ந்து முடிக்கவில்லை. பந்தோடு அவர் செய்ததை மட்டும் எடுத்தால், வைத்துக்கொண்ட பையன்களில் பாதிப் பேருக்கு மேலே நிற்கிறார். அனுப்பிய காரணம் என்று கோச் எழுதியது ஒரே வரி: உடல் வளர்ச்சி போதாது.

இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வருடம் அனுப்பாமல் வைத்துக்கொண்ட பையன்களில் ஒருவர்கூட முதல் அணியில் ஆடவில்லை. மதிசுதனை வைத்திருந்தால் ஆடியிருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. அன்றைய முடிவு தவறு என்று மட்டும்தான் என் கணக்கு சொல்கிறது. இன்றைய முழங்காலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

என் மேல் கோபம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

யாமினி


வுப்பர்டால்
26 ஜனவரி 2025

அன்புள்ள யாமினி,

கோபம்தான். நத்தார்ப் பண்டிகை முடியும் வரைக்கும் இருந்தது. பிறகு அதைப் பிடித்து வைத்திருக்கவும் முடியவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

புதுவருடம் பிறந்து சில நாளில், இவர் வேலைக்குப் போயிருந்த நேரம், மதி குசினிக்கு வந்து தேத்தண்ணி போட்டான். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் உங்களுக்கு எழுதியது, என்ன எழுதித் தரச் சொல்லிக் கேட்டது, நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள், எல்லாம்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் கூடாத ஆள் எண்டு எழுதித் தரச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அவ மாட்டன் எண்டிட்டாவோ?"

"ஓம்."

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். அந்தப் பன்னிரண்டாம் மாதக் கதையைத் திரும்ப ஒருக்கால் சொல்லச் சொன்னான். சொன்னேன். இன்னொருக்கால் கேட்டான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதை கேட்பது மாதிரி. முடிவில் என்னைப் பார்க்காமல், "அப்பாட்டை நான் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றான்.

அன்று பின்னேரம் சொன்னான். சாப்பாட்டு மேசையில். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, கழகத்துக்கு வேலை செய்யும் ஒருவர் மூலம் தெரியும் என்றான். இவர் சாப்பிட்ட கையோடு இருந்தார். முகம் அப்படியே மலர்ந்து வெளித்தது. அப்படி அவரை நான் அவன் பிறந்தபோதுதான் கண்டிருக்கிறேன்.

"நான் சொன்னனான்" என்றார். "நான் சொன்னனான் தானே. ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஓம் அப்பா. நீங்கள் சொன்னது சரி."

"லக்சம்பேர்க்கில அவையளுக்குக் காட்டுவம்."

"அப்பா, அண்டைக்கு நான் நல்லா விளையாடினனான். அது காணும். இண்டைக்கு எனக்கு ஏலாது. ஏலாமல் போய்க் கனகாலம்."

இவர் எழும்பிக் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். லக்சம்பேர்க் போகும் நாளன்று காலையில் இவர் வழக்கம் போல எழும்பிச் சவரம் செய்து, மதியின் பையைத் தானே அடுக்கிக் கொண்டுபோய்க் காரில் வைத்தார். எஞ்சினைப் போட்டார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மதி தன் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தான். எஞ்சின் சத்தம் அவனுக்கும் கேட்டது. அவன் இறங்கிப் போகவில்லை. இவர் ஹோர்ன் அடிக்கவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சினை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு மங்கிப்போய் உள்ளே ஆள் தெரியவில்லை. மத்தியானம் ஆகும்போதுதான் மேலே வந்தார். பையைக் கொண்டுவந்து அது வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, "குளிர்" என்றார். நான் சோறு போட்டேன்.

மதியும் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னான். தன்னை அனுப்பிவிட்டு வைத்துக்கொண்ட பெடியன்களில் ஒருவன் தன்னோடு வெளியூர் ஆட்டங்களில் ஒரே அறையில் தங்கியவனாம். அவன் இப்போது என்ன செய்கிறான் என்று தெரியுமா? சொல்ல முடியாது என்றால் விடுங்கோ.

ரஞ்சினி


மியூனிக்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

சொல்ல முடியாது. ஆனால் அவனை மதிசுதனே போனில் கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். கூப்பிட்டால் அவன் சந்தோஷப்படுவான் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான் எழுத முடியும்.

நேற்று கிளப்பில் ரிப்போர்ட்டைச் சமர்ப்பித்தோம். மைதானத்துக்கு மேலே கண்ணாடி அறை, நீள மேசை. எந்த வருடத்தில் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எங்கே திரும்பத் திரும்பத் தவறினார்கள் என்று காட்டினேன். கவனமாகக் கேட்டார்கள். அடுத்த சீசனிலிருந்து சின்னப் பையன்களைப் பார்க்கும்போது பிறந்த மாதத்தையும் உடல் வளர்ச்சியையும் கணக்கில் எடுப்பார்களாம். ஆய்வுக்குப் பலன் இருக்கிறது என்று என் மேனேஜர் சொன்னார்.

தவறவிட்டவர்களை ஒரே படத்தில் சிவப்புப் புள்ளிகளாகப் போட்டிருந்தேன். ஒரு புள்ளி மற்றவற்றைவிட மேலே தனியாக இருந்தது. விளையாட்டுப் பிரிவின் தலைவர் அதைச் சுட்டிக்காட்டி, "இவன் இப்போதும் கிடைப்பானா?" என்று கேட்டார். என் மேனேஜர் லேப்டாப்பில் பார்த்து, "இருபத்திரண்டு, முழங்காலில் இரண்டு ஆபரேஷன்" என்றார். "சரி, அடுத்தது" என்றார் அவர். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

யார் அது என்று உங்களுக்கே புரியும். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மறைத்தால் உங்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொன்ன மாதிரி இருக்கும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த கேள்வி அதுதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன். ரயிலில் திரும்பும்போதுதான் அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன்.

நடுராத்திரி தாண்டி வீட்டுக்கு வந்து அஷ்வினைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து படிக்க உட்கார்ந்திருந்தான். "உனக்கு இது நிஜமாவே வேணுமாடா? வேண்டாம்னா சொல்லு, அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்வான், உங்கள் மகனைப் போல அவனையும் விடுவித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"வேணும்க்கா. நீங்கதான் யாரும் நான் பாஸ் பண்ணுவேன்னு நம்பல."

என் கணக்கில் அவனுக்கு இருக்கும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கிறது. அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன். "சரி" என்றான். "படிக்கணும், வைக்கட்டுமா?" என்றான். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

யாமினி


வுப்பர்டால்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள யாமினி பிள்ளைக்கு,

அந்தக் கூட்டத்தில் நடந்ததை எழுதியதற்கு நன்றி. மதிக்கு வாசித்துக் காட்டினேன். 'இவன் இப்போதும் கிடைப்பானா' என்ற இடத்தில் சிரித்தான். நல்ல சிரிப்பா என்று கேட்காதேங்கோ. இவருக்கு வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டாம் என்று மதிதான் சொன்னான்.

அறையில் கூடத் தங்கிய பெடியனை மதி கூப்பிட்டுக் கதைத்தான். அவன் எசன் நகரத்தில் சமையலறை அலுமாரிகள் பொருத்திக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறானாம். போன வருடம் கழகம் அவனையும் விட்டுவிட்டதாம். இரண்டு பேரும் வெகுநேரம் கதைத்தார்கள், உதைபந்தாட்டம் பற்றி ஒரு சொல்லும் காதில் விழவில்லை. கார் பற்றியும் யாரோ ஒருத்தியின் கலியாணம் பற்றியும் கதைத்தார்கள்.

மதிக்கு ஓகஸ்டிலிருந்து தொழில் பழக ஒரு Ausbildung இடம் கிடைத்திருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில். கடைக்காரி இரண்டு நாள் வேலை பார்க்க விட்டுவிட்டு வரலாம் என்றாளாம். உனக்கு அது பிடிக்குமா என்று கேட்டேன். "தெரியேல்லை. கதிரையில இருந்து செய்யிற வேலை" என்றான். ஐந்தாம் பிரிவுக் கழகத்துக்கும் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். அங்கேயிருந்து ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இவர் வேலைக்குப் போகிறார், வருகிறார். என்னோடு கதைக்கிறார். மதியோடும் கதைக்கிறார், வெப்பமாக்கி, தபால், பால் முடிந்துவிட்டது, இப்படி. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்தால் நல்லது போல எனக்குச் சில நேரம் இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் மரத்துப்போன கால் மாதிரி. குத்தினால் தெரியாது. இரத்தம் திரும்ப ஓடும்போதுதான் நோகும் என்று இல்லத்தில் வயதானவர்களுக்கு நான் சொல்வேன். எங்களுக்கு அது இன்னும் தொடங்கவில்லை.

போன ஞாயிறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

காலையில் பூசைக்குப் போய் வந்தோம். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஞாயிறு என்றால் ஆட்டம். மதி சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து மூன்று பேரும் ஒன்றாக வீட்டில் இருந்த ஞாயிறு எனக்கு நினைவில் இல்லை. சாப்பிட்டோம். மேசையைத் துடைத்தேன். இவர் கதிரையில் இருந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதி ஜன்னலடியில் நின்றான்.

"என்ன செய்யிறது?" என்று இவர் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"தொங்கு ரயிலில ஒருக்கால் போட்டு வருவமே?" என்றான் மதி. "ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தத்துக்கு. நான் அப்பிடிப் போனதே இல்லை."

ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் அந்த ரயிலில், இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நானும் அப்படிப் போனதில்லை. வேலைக்கு ஏறுவேன், இறங்குவேன், அவ்வளவுதான். மூன்று பேரும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனோம். நல்ல வெயில். பின்பெட்டியில் இடம் கிடைத்தது. இவர் ஜன்னல் பக்கம், மதி நடுவில், நான் கரையில். ஆறு கீழே போனது. வீடுகளின் பின்பக்கம் தெரிந்தது. ஒரு பல்கணியில் ஒரு மனிதர் வெறும் மேலோடு கதிரைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். இவர் அதை மதிக்குக் காட்டினார். மதி எட்டிப் பார்த்தான். ஒரு முனைக்குப் போய், இறங்காமல் அப்படியே மற்ற முனைக்குத் திரும்பினோம்.

எங்கள் தரிப்பு வந்தது. கதவு திறந்தது. நான் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. கதவு பூட்டியது.

"அடுத்ததில இறங்குவம்" என்றான் மதி.

"ஓம்" என்றார் இவர்.

அதிலும் நாங்கள் இறங்கவில்லை.

ரஞ்சினி அக்கா